நாற்காலியில் துணி மலை, கட்டிலடியில் டிபன் பாக்ஸ்: மகளின் அறையை என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கென்று பத்துக்குப் பத்து அறை ஒன்று கொடுத்திருக்கிறோம். உள்ளே கால் வைக்க முடியவில்லை. நாற்காலி நிறையத் துணி, கட்டிலுக்கடியில் மூன்று நாள் பழைய டிபன் பாக்ஸ், மெத்தைமேல் ஈரத் துண்டு, மூலையில் கரப்பான். மழை ஆரம்பித்ததிலிருந்து பீரோவுக்குப் பின்னால் பூசணம் வேறு. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போன வாரம் அவள் டியூஷன் போயிருந்த நேரத்தில் நானே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். வந்து பார்த்தவள், "யாரைக் கேட்டு என் திங்ஸைத் தொட்டீங்க?" என்று கத்தினாள். இரண்டு நாள் பேசவில்லை. மாமியாரோ, "போற வீட்டுல என்ன சொல்லுவாங்க?" என்று என்னைத்தான் குறை சொல்கிறார். ஏழாவது படிக்கும் மகனின் பொருட்களை நானே எடுத்து வைத்துவிடுவதால் அவனால் தொந்தரவில்லை. இவளை எப்படித் திருத்துவது?
ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியிருப்பவற்றில் பாதி உடல்நலம் சம்பந்தப்பட்டவை, மீதி கண்ணை உறுத்துபவை. கரப்பான், பூசணம், கெட்டுப்போன சாப்பாடு ஆகியவற்றில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். மேசையில் பேனா இறைந்து கிடப்பதும் போர்வை மடிக்காமல் இருப்பதும் அவள் பாடு. இரண்டுக்கும் ஒரே குரலில் திட்டும்போது, டிபன் பாக்ஸும் மடிக்காத போர்வையும் அவள் காதில் ஒரே எடையில்தான் விழுகின்றன. இரண்டையுமே தள்ளிவிடுகிறாள்.

அதைப் பிரிப்பதற்கு முன் போன வார விஷயத்தை முடிக்க வேண்டும். நமக்குக் குப்பையாகத் தெரியும் குவியலில் அவளுக்கு இடம் தெரியும். கணக்கு டெஸ்ட் பேப்பர் ஜன்னலோரக் குவியலின் அடியில் என்று இடத்தை வைத்துத்தான் நினைவு வைத்திருப்பாள். நீங்கள் அடுக்கியதும் அந்த நினைவு அத்தனையும் பயனற்றுப் போனது. தவிர, தோழி எழுதிய சீட்டு, டைரி, நாப்கின் என்று யார் கண்ணிலும் படக் கூடாதவை இந்த வயதில் நாலு இருக்கும். எனவே ஒருமுறை மன்னிப்புக் கேளுங்கள். "உன்னைக் கேக்காம உன் ரூம்ல கை வச்சது தப்புதான்மா. இனிமே கதவைத் தட்டிட்டு, கேட்டுட்டுத்தான் வருவேன்." இவ்வளவு போதும். இதற்குப் பின்னால் "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் மன்னிப்பு கணக்கில் வராது. அறையைப் பற்றிய அடுத்த பேச்சை இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அவள் பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

விட்டுக்கொடுக்க முடியாத நான்கு

சாப்பாடு, ஈரம், மின்சாரம், நடக்கும் வழி. முதல் மாதம் இந்த நான்கைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதீர்கள்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். டிபன் பாக்ஸ் கட்டிலடிக்குப் போகும் வழியைப் பாருங்கள்: பை நேராக அறைக்குப் போகிறது, பாக்ஸ் பைக்குள்ளேயே கிடக்கிறது, மறுநாள் காலை அவசரத்தில் வேறொரு பாக்ஸ் கிடைத்துவிடுகிறது. மாற்று பாக்ஸ்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் புழக்கத்தில் விடுங்கள். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடுங்கள். பை முதலில் ஸ்டூலில் இறங்கட்டும். பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் சிங்குக்குப் போன பிறகு பை அறைக்குப் போகட்டும். கழுவியும் தயிர்சாத வாடை போகவில்லை என்றால் மூடிக்குள் இருக்கும் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், வாடை அந்தப் பள்ளத்தில்தான் தங்குகிறது. வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, வாஷரைத் தனியாகக் காயவைத்து மாட்டுங்கள். அறையில் நொறுக்குத்தீனியே கூடாது என்று சட்டம் போடாதீர்கள். ஒளித்துச் சாப்பிடுவாள், மிச்சம் தலையணைக்கடியில் போகும். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா ஒன்றை மேசையில் வையுங்கள்; தின்பதெல்லாம் அதற்குள் இருக்க வேண்டும், தட்டும் டம்ளரும் படுக்கப் போகுமுன் வெளியே வர வேண்டும்.

கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்தால் கண்ணில் பட்டவை சாகும், அவ்வளவுதான். சிறிய பழுப்புக் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டைகள் இருக்கும். மருந்து அந்தக் கூட்டுக்குள் இறங்காது. ஊசிக்குழலில் வரும் கரப்பான் ஜெல் வாங்கி, பாதி துவரம்பருப்பு அளவில், பீரோக் கீல், மேசை இழுப்பறையின் பின்பக்கம், கட்டில் மூட்டு, கதவு நிலையின் இடுக்கு என்று எட்டுப் பத்து இடங்களில் வையுங்கள். பெரிய உருண்டையாக ஓரிடத்தில் வைப்பதைவிடச் சின்னப் புள்ளிகள் பல இடத்தில் இருப்பதுதான் வேலை செய்யும். அதே இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல் பக்கமே வராது, இரண்டும் வீண். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை வையுங்கள், அதற்குள் கூட்டிலிருந்த முட்டைகள் பொரித்திருக்கும். அறையில் வேறு தீனி கிடந்தால் ஜெல்லைச் சீண்டாது என்பதை அவளிடமும் சொல்லுங்கள். கரப்பான் என்றால் அவளுக்கும் பிடிக்காது; காரணம் புரிந்தால் டப்பா மூடுவாள். அட்டைப்பெட்டிகளையும் வெளியேற்றுங்கள், அவற்றின் மடிப்பும் பசையும் கரப்பானுக்கு நல்ல குடியிருப்பு. படுக்கிற அறையில் பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது; அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரிந்திருப்பதில்லை.

அடுத்தது ஈரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் ஊர்க் காற்றே ஈரம். அதில் மெத்தைமேல் துண்டு, மூலையில் சாக்ஸ், சுவரோடு ஒட்டிய பீரோ என்றால் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்? பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் நகர்த்துங்கள், பின்னால் காற்று ஓடட்டும். பீரோவில் இருக்கும் பூசணத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, ஃபேனைப் போட்டுவிடுங்கள். இரும்பு பீரோவில் ப்ளீச் படக் கூடாது, துரு ஏறும். பெயின்ட் சுவருக்கு ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலக்கலாம். ஜன்னலைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். துடைத்த இடத்தில் இரண்டே வாரத்தில் மறுபடி கறுப்பு வந்தால் வெளிச்சுவர் வெடிப்பிலோ மொட்டை மாடியிலோ நீர்க்கசிவு இருக்கலாம். அதற்குக் கொத்தனார் வர வேண்டும். மகளைத் திட்டிப் பயனில்லை.

துண்டுக்கு ஒரே வழி, அவள் குளித்துவிட்டு வந்து நிற்கும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒரு கம்பி. பால்கனிக் கொடி வரை போக வேண்டும் என்றால் பள்ளிக்கூட அவசரத்தில் துண்டு மெத்தையில்தான் விழும். மேசையில் பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருந்தால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் துணிக்குவியலுக்கடியில் இருக்கக் கூடாது, போன் தலையணைக்கடியில் சார்ஜ் ஆகக் கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் உருகும், தீப்பிடிக்கும். பாக்ஸை மேசை உயரத்தில் சுவரில் திருகிவிட்டால் துணி அதன்மேல் விழ வழியில்லை. சாதாரண 6 ஆம்ப் பாக்ஸ் சுமார் 1,380 வாட்தான் தாங்கும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸையும் ஹேர் டிரையரையும் ஒரே பாக்ஸில் ஒன்றாகப் போடக் கூடாது.

நடக்கும் வழி: கதவிலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, இரண்டடி அகலத்துக்குத் தரை தெரிய வேண்டும். இரவில் கரண்ட் போனால் யாரும் தடுக்கி விழக் கூடாது என்பதற்காக மட்டுமே இது. சுவரோரக் குவியல் அப்படியே இருக்கட்டும்.

அறையில் யாருடைய சாமான்கள்?

இதை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்டாக வேண்டும். பரணில் கொலு பொம்மைப் பெட்டி, கட்டிலடியில் விருந்தாளிகளுக்கான பாய் தலையணை, பீரோவின் மேல்தட்டில் உங்கள் பட்டுப்புடவைகள், மூலையில் ஓடாத மிக்ஸி, கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டை. 'பிள்ளையின் அறை' என்று பெயர் வைத்த நம் வீட்டு அறைகள் பலவும் பாதிக்கு வீட்டுக் கிடங்குதான். இருக்கும் பீரோவில் அவளுக்கு இரண்டே தட்டு என்றால் மீதித் துணி நாற்காலிக்குப் போகாமல் எங்கே போகும்? அவளை ஒரு பொருளை எடுக்கச் சொல்வதற்கு முன்னால், குடும்பத்துச் சாமான்களை நீங்கள் வெளியே எடுங்கள். பரண் இருக்கட்டும், கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு. மன்னிப்பைவிட இதற்கு அவளிடம் மதிப்பு அதிகம் இருக்கும்.

நாற்காலி மலை

அந்தக் குவியலைப் பிரித்துப் பாருங்கள். அழுக்குத் துணியும் இருக்காது, துவைத்த துணியும் இருக்காது. பெரும்பாலும் ஒருமுறை உடுத்தியவை. டியூஷனுக்கு இரண்டு மணி நேரம் போட்ட சுடிதாரைத் துவைக்கப் போடவும் மனமில்லை, துவைத்த துணியோடு பீரோவில் வைக்கவும் மனமில்லை. நம் வீடுகளில் அந்த இரண்டுங்கெட்டான் துணிக்கு இடமே கிடையாது. இடமில்லாததற்கு நாற்காலி இடமாகிறது.

கதவின் உட்பக்கம், அவள் தோள் உயரத்தில், ஐந்து கொக்கிகள் அடியுங்கள். நான்கு இந்த மாதிரித் துணிக்கு, ஒன்று யூனிஃபார்முக்கு. நான்கும் நிறைந்தால் ஒன்று துவைக்கப் போக வேண்டும். எட்டு, பத்து கொக்கி அடித்தால் மலை நாற்காலியிலிருந்து கதவுக்கு மாறும், வேறொன்றும் நடக்காது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாவிட்டால் கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கிப் பட்டை கிடைக்கிறது. ஒட்டும் கொக்கியைச் சுண்ணாம்பு, டிஸ்டம்பர் சுவரில் ஒட்டாதீர்கள். பொடியோடு உரிந்து விழும். டைல்ஸிலும் இரும்பு பீரோப் பக்கத்திலும்தான் நிற்கும். அங்கும் துடைத்துக் காயவைத்து ஒட்டி, ஒரு நாள் கழித்தே துணி மாட்ட வேண்டும்.

அழுக்குத் துணிக்கு ஓட்டை உள்ள, வாய் அகன்ற, மூடியில்லாத கூடை. மூடி இருந்தால் துணி மூடிமேல்தான் கிடக்கும். அவள் எங்கே உடை மாற்றுகிறாளோ அங்கேயே கூடை இருக்கட்டும். உள்ளாடை, சாக்ஸ், துப்பட்டா ஆகியவற்றை மடிக்கச் சொல்லிப் போராடாதீர்கள். மூன்று சின்னக் கூடைகளில் அப்படியே போடட்டும்.

புத்தகத்துக்கு ஐந்து பிளாஸ்டிக் ஃபைல் ஸ்டாண்டு: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். பாடநூல், நோட்டு, கைடு எல்லாம் அந்தந்த ஸ்டாண்டில் நிற்கட்டும். படுத்தால் அடியில் இருப்பதை உருவும்போது எல்லாம் சரியும். உதிரி டெஸ்ட் பேப்பர்கள் எல்லாம் ஒரே பாக்ஸ் ஃபைலில். பாடவாரியாக அடுக்கச் சொன்னால் ஒரு வாரம் நடக்கும், பிறகு நிற்கும். ஆதார், பிறப்புச் சான்றிதழ் போன்ற அசல் ஆவணங்கள் அவள் அறையிலேயே இருக்கக் கூடாது, உங்கள் பீரோவுக்குப் போகட்டும்.

இன்னொன்று, பல வீடுகளில் கேட்கத் தயங்கி விட்டுப்போவது: அறையிலோ குளியலறையிலோ மூடியுள்ள சின்னக் குப்பைக்கூடை, பக்கத்தில் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. இவை இல்லாத வீட்டில், அப்பாவும் தம்பியும் ஹாலில் இருக்கும்போது கையில் எடுத்துக்கொண்டு போகக் கூச்சப்பட்டு, பயன்படுத்திய நாப்கினைப் பெண் பிள்ளைகள் பீரோ மூலையில் ஒளித்துவைப்பது உண்டு. கூடையை வைத்துவிட்டு, மாதத்தின் அந்த நாட்களில் தினமும் நீங்களே காலி செய்யுங்கள். இதற்காக ஒரு வார்த்தையும் திட்ட வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

இவ்வளவும் வாங்கி வைத்த பிறகு, அவளோடு சேர்ந்து ஒரு நாள். காலை ஆறு மணிக்கு எழுப்பாதீர்கள். பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே ஓரிரு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. தூங்க வேண்டியதோ 8 முதல் 10 மணி நேரம். டிபன் முடிந்து பத்தரை மணிக்குத் தொடங்கி, ஒரு மணிக்குள் முடியுங்கள். பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

பீரோவில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உள்ளே இருப்பதெல்லாம் கட்டிலில் கொட்டும், ஒரு மணி நேரத்தில் அலுக்கும், இரவு படுக்க இடமிருக்காது. முதலில் குப்பைப் பை: சாக்லேட் உறை, ரீஃபில், கிழிந்த தாள். பிறகு பாத்திரங்கள். பிறகு தரையிலும் நாற்காலியிலும் உள்ள துணி. பிறகு தாள், புத்தகம். நினைவுப் பொருட்கள் கடைசியில்; ஒரு பிறந்தநாள் வாழ்த்து கையில் கிடைத்தால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, பாட்டு அவள் விருப்பம். பையை நீங்கள் பிடியுங்கள், எது போக வேண்டும் என்று அவள் சொல்லட்டும். முடிவெடுக்க முடியாதவை ஒரு பெட்டியில், மேலே தேதி எழுதி, மூன்று மாதத்துக்கு. ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைக் கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதா, பழைய பேப்பர் கடைக்கா என்பதும் அவள் வாயால் வர வேண்டும்.

அதற்குப் பிறகு தினமும் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்கு முன். "ரூமைக் கிளீன் பண்ணு" என்பது அவளுக்கு ஒரு வேலையாகக் கேட்காது, முப்பது வேலையாகக் கேட்கும். திட்டமிட்டு வரிசைப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர 20 வயதும் தாண்ட வேண்டும். "துண்டைக் கம்பியில போட்டுரும்மா" என்று ஒன்றைச் சொல்லுங்கள், ஒரு தரம் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூடையில் இருக்கும் துணி மட்டும் ஞாயிறு துவைக்கப் போகும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். யூனிஃபார்ம் கூடைக்கு வெளியே கிடந்தால் அவளே துவைக்கட்டும். அந்த ஒரு ஞாயிறு மனம் கேட்காமல் நீங்கள் பொறுக்கிக்கொண்டு வந்தால் ஒப்பந்தம் முடிந்தது. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை மாற வேண்டும், தூசியால் தும்மல், இளைப்பு வருகிற பிள்ளை என்றால் கட்டாயம். அறையைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் அந்த நான்கைத் தவிர எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதற்கும் ஒரு பதில் வேண்டும். "போற வீடு" என்ற பேச்சு, தன் அறையைத் தனக்காக அல்லாமல் இன்னொரு குடும்பத்துக்காகச் சுத்தம் செய்யச் சொல்கிறது; 15 வயதுப் பெண்ணுக்கு அது எரிச்சல்தான் தரும். தம்பியின் பொருட்களை நீங்கள் எடுத்து வைப்பதை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் மறக்காதீர்கள். ஸ்டூல், கூடை, பத்து நிமிடம் மூன்றும் அதே நாளிலிருந்து அவனுக்கும் உண்டு. மாமியாரிடம் தனியாக, "அத்தை, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கேன். ஒரு மாசம் அவகிட்ட எதுவும் சொல்லாம விட்டுப் பாருங்க" என்று கேளுங்கள். கணவரும் பக்கத்தில் இருந்து சொன்னால் இன்னும் நல்லது.

எப்போது கவலைப்பட வேண்டும்

முன்பு ஒழுங்காக இருந்த பிள்ளையின் அறை திடீரென்று குலைந்து, அதோடு குளிக்காமல், சரியாகச் சாப்பிடாமல், தூக்கம் கெட்டு, தோழிகளிடமும் பேசாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். கைகளில் கீறல், "இருந்து என்ன பண்ண" என்ற மாதிரிப் பேச்சு இருந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்தே, பள்ளியிலும் வீட்டிலும், பொருட்களைத் தொலைப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது, சொன்னதை உடனே மறப்பது என்று இருந்தால் கவனக்குறைபாட்டுக்கான பரிசோதனை செய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் திட்டு எதையும் மாற்றாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் நேராகப் போகலாம். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கண் வைத்திருங்கள்.

மூன்றாவது வாரம் நாற்காலியில் மறுபடி துணி ஏறும். அப்போது அவளைக் கூப்பிடாமல் கதவுக் கொக்கிகளைப் பாருங்கள். நான்கும் நிறைந்திருந்தால் கூடை தூரமாக இருக்கிறது, பக்கத்தில் நகர்த்துங்கள். கொக்கிகள் காலியாக இருந்து நாற்காலி நிறைந்திருந்தால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது, கொக்கிகள் சுவர்ப்பக்கம் மறைந்துபோகின்றன. அவளிடம் கேட்டு, நாற்காலிக்கு நேர்மேலே சுவரில் அடித்துக் கொடுங்கள்.